நான்கு குழி நிலம்

எங்கள் வளவுக்கும் பெரியப்பாவின் மூத்த மகனுடைய வளவுக்கும் இடையிலுள்ள வேலியில், நான் சிறுவனாக இருந்த காலத்தில் ஒரு பொட்டு இருந்தது. பனையோலை அடைத்த வேலியில் இரண்டு கதியால்களுக்கு நடுவே, ஒருவர் குனிந்து போய்வரக்கூடிய அளவுக்கு விடப்படும் இடைவெளியை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்லுவோம். படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கி அடுத்த படலையால் ஏறிப் போவது பிறத்தியாருக்கு உரிய வழி. உறவினர் பொட்டால் வருவார்கள். அம்மா காய்ச்சிய ஒடியற்கூழ் ஒரு செம்பில் அந்தப் பொட்டால் போகும். பெரியம்மா அவித்த பனங்கிழங்கு அந்தப் பொட்டால் வரும். வேலியை ஒட்டினாற்போல இரு வீட்டுக்கும் பொதுவான பங்குக் கிணறு. என்னைவிட எட்டு வயது மூத்த அந்த அண்ணைதான் அந்தக் கிணற்றடியில் எனக்குத் தலையில் தண்ணீர் வார்த்தவர், சைக்கிள் பழக்கியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் கையைப் பிடித்துக்கொண்டு ஞாயிறு பாடசாலைக்குக் கூட்டிப்போனவர்.

2003 ஆம் ஆண்டில் அந்தப் பொட்டுக்குத் தகரம் வைத்து ஆணி அறைந்து மூடியவன் நான். அதன்பின் பதினொரு ஆண்டுகள் நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. அப்போஸ்தலர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் சொல்லுகிற, ஆவிக்கேற்றபடி நடப்பது என்றால் என்ன என்பதைப் பற்றி எழுதவேண்டும் என்று நீண்ட நாட்களாக நினைத்திருந்தேன். அந்தத் தகரத்திலிருந்து தொடங்காமல் அதை எழுதினால் நான் எழுதுவது உண்மையாக இராது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனம் ஏறக்குறைய முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, எங்கள் இரு குடும்பங்களும் ஒன்றாகத்தான் போயின. அம்மாவை அண்ணையின் சைக்கிள் பாரில் இருத்தி, மழையில் தள்ளிக்கொண்டு நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அவர் எங்களுக்கு மூன்று கிழமை முந்தி வந்திருந்தார். வேலி இருந்த இடத்தில் வேலி இல்லை. கதியால்களில் பெரும்பகுதி விறகுக்காக வெட்டப்பட்டிருந்தது. எஞ்சியவை எவை, புதிதாய் முளைத்தவை எவை என்று சொல்ல முடியாதபடி பற்றை மூடியிருந்தது. அவர் தனி ஆளாய் நின்று புதிதாகக் கிளுவங்கதியால் போட்டு வேலியை அடைத்திருந்தார். அன்று நான் அவருக்கு நன்றி சொன்னேன். வீடு திறந்து கிடக்காமல் ஓர் அறுக்கை இருக்கிறது என்பதே அப்போது பெரிய ஆறுதல்.

போர்நிறுத்த காலத்தில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தபோது, வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டும் எண்ணம் எனக்கு வந்தது. நில அளவையாளர் ஒருவரைப் பிடித்து, அப்பாவின் காணி உறுதியையும் பழைய வரைபடத்தையும் கொடுத்து அளப்பித்தேன். ஒழுங்கைப் பக்கத்தில் சரியாகத் தொடங்கிய வேலி, பின்வளவை அடையும்போது பத்தடி எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. சாய்வில் அகப்பட்டது நான்கு குழி நிலம். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்று கணக்கிடும் எங்களுக்குள் அது ஒரு பரப்பில் கால்வாசிக்கும் குறைவு. அதில் அப்பா நட்ட முருங்கை ஒன்று நின்றது. அது அப்பாவின் முதுசம், எனக்கு இறங்கியது, என்னுடையது. நான் அண்ணையிடம் பொட்டால் போய்க் கேட்கவில்லை. அளந்த கடுதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு, சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, படலையால் போய்க் கேட்டேன். அந்தத் தோரணையிலேயே அவர் மனம் முறிந்திருக்கவேண்டும். வார்த்தை தடித்தது. மறுநாள் தகரம். அதன் பின்னர் சட்டத்தரணியின் கடிதம், பின்னர் வழக்கு, தவணை, மறு தவணை.

இவ்வளவு காலமும் நாங்கள் இருவரும் ஒரே தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம் என்பதை இப்போது எழுதும்போதுதான் அதன் பயங்கரம் எனக்கு முழுதாய்த் தெரிகிறது. எங்கள் தேவாலயம் 1816 இல் தெல்லிப்பழையில் வேலையைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் வழிவந்தது. 1947 இல் தென்னிந்திய திருச்சபை உருவானபோது அதன் யாழ்ப்பாண ஆதீனத்துக்குள் வந்தது. அத்திருச்சபை 1950 இல் வகுத்த திருவிருந்து ஒழுங்கில், அப்பமும் இரசமும் படைக்கப்படுமுன் சமாதானம் பரிமாறும் ஒரு கட்டம் உண்டு. ஒருவர் தம் வலது உள்ளங்கையை மற்றவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடக்கையால் மற்றவரின் வலக்கையை மூடுவார்கள். பீடத்திலிருந்து புறப்படும் அந்தச் சமாதானம் கைக்குக் கை மாறி, வாங்கு வாங்காகக் கடைசி ஆள்வரைக்கும் வரும். அண்ணை வலப்பக்கத்து மூன்றாம் வாங்கில் இருப்பார். சமாதானம் எந்த வழியால் வரும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போகும் என்பதை நான் ஒவ்வொரு மாதமும் முற்கூட்டியே கணக்குப் பண்ணி, அவருடைய கையிலிருந்து என் கைக்கு வரமுடியாத ஓரிடத்தைத் தேடி இருந்தேன். பதினொரு ஆண்டுகளில் அந்தக் கணக்கு ஒருமுறையும் பிழைக்கவில்லை.

கலாத்தியருக்கு எழுதிய அந்த நிருபத்தின் அதே வசனத்தில் வரும் ‘மாம்ச இச்சை’ என்ற சொற்றொடரைச் சிறுவயதில் நான் இறைச்சி தின்னும் ஆசை என்றே விளங்கிக்கொண்டிருந்தேன். இலெந்து என்னும் தவக்கால நாட்களில் அம்மா மச்சம் காய்ச்சமாட்டார். ஆகவே மாம்ச இச்சையை வெல்வது என்றால் நாற்பது நாள் மீன்குழம்பு இல்லாமல் இருப்பது என்று ஒரு பிள்ளை நினைத்ததில் பிழையில்லை. வளர்ந்தபின் அந்தச் சொல் குடியையும் காமத்தையும் குறிக்கிறது என்று விளங்கிக்கொண்டேன். பெரும்பாலான பிரசங்கங்களும் அந்த அளவில்தான் நின்றன. நான் குடிப்பதில்லை, சூதாடுவதில்லை, மனைவிக்குத் துரோகம் செய்ததில்லை. ஆகவே அந்த வசனம் எனக்கல்ல, வேறு யாருக்கோ எழுதப்பட்டது என்ற எண்ணம் எனக்குள் மெல்ல வேர்விட்டிருந்தது.

பவுல் எழுதிய கிரேக்கச் சொல் சார்க்ஸ். தசை, ஊன் என்பதே அதன் நேர்ப்பொருள். எங்கள் பழைய மொழிபெயர்ப்பு அதை மாம்சம் என்கிறது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பைக் கையாளும் கத்தோலிக்க நண்பர் ஒருவரின் வீட்டில் அதே பகுதியை வாசித்தபோது, அங்கே ‘ஊனியல்பு’ என்ற சொல்லைக் கண்டேன். இயல்பு என்ற அந்த ஒட்டு எனக்கு ஒரு கதவைத் திறந்தது. கண்டிக்கப்படுவது உடல் அல்ல. உடலைப் படைத்தவர் அதை நல்லது என்று கண்டார்; வார்த்தை மாம்சமானார் என்று யோவான் எழுதும்போதும் இதே சொல்தான் நிற்கிறது. பவுல் பேசுவது, கடவுளை விட்டுத் தன்னையே நடுவில் வைத்து, தனக்கே வேலி அடைத்துக்கொள்ளும் மனிதனின் இயல்பைப் பற்றி. எங்கள் சைவ அயலவருக்கு நான் இதை விளக்கவேண்டி வந்தபோது, நீங்கள் ஆணவம் என்று சொல்வதற்குக் கிட்ட நிற்கிற ஒன்று என்றேன். முழுதாய்ப் பொருந்தாது என்றாலும், உடனே புரிந்துகொண்டார்கள்.

இதை உறுதிப்படுத்துவது அந்த நிருபத்தின் பின்னணி. கலாத்தியா இன்றைய துருக்கி நாட்டில் உள்ள பகுதி. அங்குள்ள சபைகளில் குடிகாரர் பெருகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பவுல் அந்த நிருபத்தை எழுதவில்லை. யூதரல்லாத விசுவாசிகளும் விருத்தசேதனம் பெறவேண்டும் என்று வற்புறுத்திய பக்திமான்களால் உண்டான குழப்பத்துக்காக எழுதினார். ‘நீங்கள் ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தீர்களானால் அழிவீர்கள்’ என்று எச்சரித்த கையோடுதான், ‘ஆவிக்கேற்றபடி நடந்துகொள்ளுங்கள், அப்பொழுது மாம்ச இச்சையை நிறைவேற்றாதிருப்பீர்கள்’ என்கிறார். ஒன்றையொன்று கடிக்கும் விலங்குகளாய் அவர் கண்டது நியாயப்பிரமாணத்தில் வைராக்கியம் உள்ளவர்களை. பிலிப்பியருக்கு எழுதும்போது மாம்சத்தின்மேல் வைக்கும் நம்பிக்கைக்கு உதாரணமாகத் தம்மையே காட்டுகிறார்: எட்டாம் நாளில் விருத்தசேதனமடைந்தவன், பென்யமீன் கோத்திரத்தான், எபிரெயரில் பிறந்த எபிரெயன், பரிசேயன். அந்தப் பட்டியலில் ஒரு பாவமும் இல்லை. எல்லாம் குலமும் பெருமையும்தான்.

யாழ்ப்பாணத்தவனான எனக்கு அந்தப் பட்டியலுக்கு உரை எழுத வேண்டியதில்லை. ‘அவையள் என்ன ஆக்கள்?’ என்ற ஒற்றைக் கேள்வியில் நாங்கள் அதை முழுதாய்க் கேட்டு முடித்துவிடுவோம். 1929 இல் உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சமஆசனம் கொடுக்கவேண்டும் என்ற கட்டளை வந்தபோது, அதற்கு இந்த மண்ணில் எதிர்ப்பு எழுந்தது. நற்செய்தி இங்கு வந்து அதற்குள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. அந்தியோகியாவில் பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் புறஜாதியாரோடு உண்பதை விட்டு விலகிக்கொண்டதும், பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்ததும் அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. யாரோடு இருந்து சாப்பிடுகிறோம் என்பதிலே மாம்சம் பிடிபடுகிறது என்பது எங்கள் ஊருக்கென்றே எழுதப்பட்ட பாடம்.

இதற்கு மறுபக்கமான ஒருவரும் இந்த மண்ணில் நடந்திருக்கிறார். 1687 இல், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாளின் உடையில் யாழ்ப்பாணம் வந்தார். கோவாவில் பிராமண மரபில் பிறந்தவர். குலத்தை மூலதனமாக்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். வயிற்றுளைவால் நலிந்து, பிச்சை ஏற்று உண்டு, மறைந்திருந்த விசுவாசிகளைத் தேடி அலைந்தார். 2015 ஜனவரியில் கொழும்பில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, புரொட்டஸ்தாந்து குடும்பத்தில் பிறந்த நானும் அதைத் தொலைக்காட்சியில் கண்ணீரோடு பார்த்தேன்.

2012 இல், பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு முந்திய கிழமை, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆவியின் கனியைப் படிப்பிக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். கனிக்கு முன்னே நிற்கும் மாம்சத்தின் கிரியைகளின் பட்டியலை வழக்கம்போல விரைவாய்த் தாண்டிப் போகாமல், ஏனோ அன்று பென்சிலால் ஒவ்வொன்றாய்க் கீறிக்கொண்டு போனேன். எங்கள் மொழிபெயர்ப்பில் பதினேழு இருக்கின்றன. விபசாரம், வேசித்தனம், அசுத்தம், காமவிகாரம் என்று தொடங்கி, விக்கிரகாராதனையும் பில்லிசூனியமும் சேர்ந்து ஆறு. கடைசியில் வெறிகள், களியாட்டுகள் என்று இரண்டு. நடுவில் உள்ளவை பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், மார்க்கபேதங்கள், பொறாமைகள், கொலைகள். ஒன்பது. பதினேழில் ஒன்பது, மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையில் அடைக்கப்படும் வேலிகள். பென்சிலை வைத்துவிட்டு யன்னலால் பார்த்தேன். அந்த மேசையிலிருந்து பார்த்தால் தகரம் நேரே தெரியும். ஒன்பது வருடத்தில் அது துருவேறிச் சிவந்திருந்தது.

அன்றிரவு நான் அதிக நேரம் விழித்திருந்து இன்னொரு வசனத்தையும் வாசித்தேன். வழக்குக் கோவையை அலுமாரியில் வைத்திருப்பவன் வாசிக்க விரும்பாத வசனம் அது: ‘நீங்கள் ஒருவரோடொருவர் வழக்காடுகிறது எவ்விதத்திலும் குற்றமாயிருக்கிறது. அப்படிச் செய்கிறதைவிட நீங்கள் ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை, ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?’ பவுல் இங்கே கொரிந்தியரைப் பார்த்து, உன் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லவில்லை. அநியாயம் நடந்ததாகவே வைத்துக்கொள்கிறார். நிலம் என்னுடையதுதான். அளந்த கடுதாசி பொய் சொல்லவில்லை. அந்த உண்மைக்குள்ளேதான் நான் பத்திரமாய் ஒளிந்திருந்தேன். இச்சை எப்போதும் இச்சையின் முகத்தோடு வருமானால் அதை அடையாளம் காண்பது எளிது. என்னிடம் அது நியாயத்தின் முகத்தோடு வந்து, என் சொந்த வீட்டில் ஒன்பது வருடம் குடியிருந்தது.

இதைத் தவறாக விளங்கிக்கொள்ளும் ஆபத்து எங்கள் ஊரில் பெரிது என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் காணியைப் பறிகொடுத்து, முகாம்களில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் பிள்ளை பெறும்வரை காத்திருந்த சனத்திடம் போய், நஷ்டத்தைப் பொறுத்துக்கொள், அதுதான் ஆவிக்குரிய வாழ்வு என்று சொல்லுகிறவன் நற்செய்தியைக் கேடுபடுத்துகிறான். பலமுள்ளவன் பறித்ததை எளியவன் திருப்பிக் கேட்பது மாம்சமல்ல. பிலிப்பியில் தம்மை விசாரணையின்றி அடித்த அதிகாரிகளிடம் பவுல் ரோமக் குடியுரிமையைச் சொல்லி நியாயம் கேட்டார். பின்னர் ரோமப் பேரரசனான இராயனுக்கு அபயமிட்டார். என் காரியம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. நான்கு குழி இல்லாததால் என் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. நான் கேட்டது நிலத்தையும் அல்ல. அண்ணை என் முன்னால் வந்து, நான் பிழை, நீ சரி என்று சொல்லவேண்டும் என்பதைத்தான்.

அது தெரிந்தபின் நான் செய்தது இன்னும் மோசமானது. மன்னித்துவிடுவது என்று தீர்மானித்தேன். அந்த ஆண்டு நத்தார் காலையில், ஆராதனை முடிந்து சனம் ஒழுங்கையால் போய்க்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, பெரிய தட்டத்தில் கேக்கும் பயற்றம் பணியாரமும் கொழுக்கட்டையும் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, என் மகனின் கையில் கொடுத்து அவர் வீட்டுப் படலையால் அனுப்பினேன். தகரத்தை அகற்றிப் பொட்டால் அனுப்பியிருக்கலாம். அது யாருக்கும் தெரிந்திராது. பத்து நிமிடத்தில் தட்டம் திரும்பி வந்தது. துணியின் மடிப்புக்கூடக் குலையவில்லை. ‘பெரியப்பா ஒண்டும் சொல்லேல்லை அப்பா, கொண்டு போ எண்டு கையைக் காட்டினவர்’ என்றான் மகன். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு திருப்தியும் வந்தது. என் கடமையைச் செய்துவிட்டேன், இனிப் பிழை முழுவதும் அவர் பக்கம் என்ற திருப்தி. கலாத்தியரிடம் பவுல் கேட்ட கேள்வி அன்று பின்னேரம்தான் என்னைப் பிடித்தது: ‘ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?’ என் மன்னிப்பும் மாம்சத்தின் கிரியையாய் இருந்தது. அதை மன்னிப்பு என்று சொல்லுவதே தகாது. அது வழக்கின் இன்னொரு தவணை.

கிரியைகளைப் பன்மையில் சொல்லும் பவுல் கனியை ஒருமையில் சொல்லுகிறார் என்பதைப் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாய்ப் பட்டது அந்த உவமையிலுள்ள வேறுபாடு. கிரியை செய்யப்படுவது, கனி செய்யப்படுவதல்ல, வருவது. பனை வடலியாய் நின்று பதினைந்து இருபது வருடம் சென்று பாளை விடும்போதுதான் அது ஆணா பெண்ணா என்பதே தெரிகிறது. நான் தட்டத்தில் அடுக்கி அனுப்பியது கனியல்ல, சந்தையில் வாங்கி மரத்தில் கட்டிய பழம். இதே காரணத்தால், ஆவியானவரின் பிரசன்னத்தைச் சத்தத்தாலும் அற்புதத்தாலும் அளக்கும் பழக்கம் எங்களுக்குள் வளர்ந்து வருவது எனக்குக் கவலையைத் தருகிறது. கொரிந்து சபையில் எந்த வரத்துக்கும் குறைவில்லை என்று பவுலே எழுதுகிறார். அவர்களுக்குள் பொறாமையும் வாக்குவாதமும் இருந்தபடியால் அதே நிருபத்தில் அவர்களை மாம்சத்துக்குரியவர்கள் என்றும் அழைக்கிறார்.

2014 தை மாதத்தில் அம்மா காலமானார். அண்ணைக்கு நான் ஆள் அனுப்பிச் சொல்லவில்லை. செத்தவீட்டில் இரவு முழுவதும் சனம். தேநீருக்கும் கைகால் கழுவுவதற்கும் தண்ணீர் ஓயாமல் தேவைப்பட்டது. மின்சாரம் நின்றுபோனதால் மோட்டரும் நின்றது. நான் அம்மாவின் தலைமாட்டில் இருந்தேன். நடுச்சாமத்துக்குப் பின், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில், கிணற்றடியிலிருந்து வாளி தண்ணீரில் விழும் சத்தமும், கப்பி சுழலும் சத்தமும், பின்னர் அண்டாவில் தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டன. சீராக, நிறுத்தமின்றி, விடியும்வரை கேட்டன. வாளியை ஒரே மூச்சில் இழுக்காமல் நான்கு இழுப்பில் இழுத்து ஒரு கணம் நிறுத்துகிற பழக்கம் ஒருவருக்கு மட்டும்தான் உண்டு. எட்டு வயதில் அந்தக் கிணற்றடியில் நின்று அந்த நிறுத்தத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தவன் நான். அதற்கடுத்துத் தலையில் தண்ணீர் விழும். சேமக்காலைக்குப் போய் வந்தபின் அவர் போய்விட்டார். அப்போதும் நான் பேசவில்லை. ஆனால் அந்த இரவுக்குப் பின் எனக்குள் ஒன்று மாறியிருந்தது, அதை நான் மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தின் பதினேழாம் வசனத்தைப் பல தடவை வாசித்தும் அதுவரை கவனியாத ஒன்றை அந்த நாட்களில் கவனித்தேன். ‘மாம்சம் ஆவிக்கு விரோதமாகவும், ஆவி மாம்சத்துக்கு விரோதமாகவும் இச்சிக்கிறது.’ இச்சிப்பது மாம்சம் மட்டுமல்ல. அந்த ஒரே வினைச்சொல் ஆவியையும் சேர்த்தே ஆளுகிறது. கடைசி இராப்போசனத்தில், ‘நான் பாடுபடுகிறதற்கு முன்னே உங்களுடனேகூட இந்தப் பஸ்காவைப் புசிக்க மிகவும் ஆசையாயிருந்தேன்’ என்று இயேசு சொல்லும் இடத்திலும் கிரேக்கத்தில் நிற்பது அதே இச்சைச் சொல்தான். ஆசையை அறுப்பதே ஆன்மிகம் என்று நான் ஏதோ ஒரு விதமாய் நம்பியிருந்தேன். நான்கு குழியின்மேல் உள்ள ஆசையை நானே பல்லைக் கடித்து அறுக்கப் பார்த்துத் தோற்றிருந்தேன். இப்போது வேறோர் ஆசை வந்திருந்தது. எனக்கு அண்ணை வேண்டும். அந்த ஆசை பெரிதாகப் பெரிதாக, மற்றது தானே இடம் சுருங்கியது. அது என்னிடமிருந்து வந்ததென்று நான் எப்படிச் சொல்ல? நான் பதினொரு ஆண்டு தேடியும் என் உள்ளத்தில் அப்படியொன்று இருக்கவில்லை.

அது ஒரு நாளில் நடந்துவிடவில்லை. இலெந்து முழுவதும் விடியற்காலையில் அவருக்காக ஜெபிக்க முழங்காற்படியிடுவேன்; பெயரைச் சொல்லுமிடத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும், வெறுமனே மூச்சு விட்டுக்கொண்டு இருந்துவிட்டு எழும்புவேன். ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்ற வசனம் இல்லாவிட்டால் அதை ஜெபம் என்று எண்ணியிருக்கமாட்டேன். சில நாட்களில் பழைய கணக்குத் திரும்ப வரும். முருங்கையில் எத்தனை காய் என்று எண்ணிக்கொண்டு எழும்பிய நாட்களும் உண்டு.

உயிர்த்தெழுந்த திருநாளுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, கையில் ஒன்றுமில்லாமல், யாரையும் கூட்டாமல் போனேன். அண்ணை விறாந்தையில் பழைய சாய்மனைக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த ஒன்றும் வாயில் வரவில்லை.

‘அண்ணை, அந்தத் துண்டு உங்களோடையே இருக்கட்டும். வழக்கை நான் எடுக்கிறன். உங்களிட்டை நான் அப்பிடி வந்திருக்கக்கூடாது’ என்றேன்.

அவர் கனநேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘வேலி சரிஞ்சு போனது எனக்கு அப்பவே தெரியும் தம்பி’ என்றார். ‘கதியால் போடேக்கை நூல் பிடிக்க மற்றத் தொங்கலிலை ஆள் இல்லை. ஒரு தொங்கலிலை கட்டிப்போட்டு மற்றத் தொங்கலுக்கு ஓடி ஓடிப் பாத்தன். நீ வந்தாப் பிறகு ரெண்டு பேருமாச் சரியாக்குவம் எண்டுதான் நினைச்சன். பிறகு விட்டுப்போச்சு. நீ கடுதாசியோடை வந்தாப்போலை...’ அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை. அக்கா உள்ளேயிருந்து தேநீர் கொண்டு வந்தார். நான் குடித்தேன்.

அதே அதிகாரத்தில் ‘ஆவிக்கேற்றபடி நடக்கவும் கடவோம்’ என்று முடியும் இருபத்தைந்தாம் வசனம் இருக்கிறது. பதினாறாம் வசனத்திலும் இதிலும் தமிழில் நடத்தல் என்ற ஒரே வினைதான்; கிரேக்கத்தில் இரண்டு வெவ்வேறு சொற்கள். முன்னையது சாதாரணமாய் நடப்பது. பின்னையது வரிசையில் நிற்பது, நேர்கோட்டில் அடியெடுத்து வைப்பது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வரும்போதெல்லாம், ஒரு நூலின் ஒரு தொங்கலைக் கட்டிவிட்டு மறு தொங்கலுக்கு ஓடி ஓடிப் பார்த்த ஒரு மனிதர் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

வழக்கு முடிக்கப்பட்டது. வேலி இருந்த இடத்திலேயே இருக்கிறது; பதினெட்டு வருடக் கதியால்கள் மரமாகிவிட்டன, அவற்றைப் பிடுங்க இருவருக்கும் மனம் வரவில்லை. நான்கு குழி அவருடைய பக்கத்தில் இருக்கிறது. திருப்பித் தருகிறேன் என்று அவர் சொல்லவும் இல்லை, நான் அதை எதிர்பார்க்கவில்லை என்று முழு மனதோடு சொல்ல எல்லா நாளும் என்னால் முடிவதும் இல்லை.

அவ்வாண்டு மாரி தொடங்குமுன் வேலியின் ஓலையை மாற்றவேண்டி வந்தது. வேலி அடைப்பது தனி ஆள் வேலையல்ல. வளவின் உட்புறத்தில் ஒருவர், வெளிப்புறத்தில் ஒருவர் நிற்கவேண்டும். மிதித்துப் பதமாக்கிய பனையோலையைக் கதியாலோடு சேர்த்து நிறுத்தி, இரு பக்கமும் மட்டை வரிச்சு வைத்து, கயிறு கோத்த குத்தூசியை இந்தப் பக்கத்தவர் ஓலைக்குள்ளால் குத்த, அந்தப் பக்கத்தவர் கயிற்றை வாங்கி, வரிச்சைச் சுற்றி வளைத்துத் திரும்ப அனுப்புவார். இருவருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஓலை அசைவதை வைத்தும் குரலை வைத்தும்தான் வேலை நடக்கும். கூலிக்கு ஆள் பிடித்திருக்கலாம்; அண்ணை வேண்டாமென்றார். அவருக்கு அப்போது அறுபத்தைந்து தாண்டியிருந்தது. காலையில் தகரத்தின் ஆணிகளை நான் கழற்றினேன். இரண்டு துருப்பிடித்து முறிந்து கதியாலுக்குள்ளேயே இருந்துவிட்டன. பொட்டு இருந்த இடத்தில் ஓலை வைக்காமல் விட்டோம். மற்ற இடமெல்லாம் ஒழுங்கைப் பக்கமிருந்து தொடங்கி அடைத்துக்கொண்டு போனோம். முருங்கைக்கு நேரே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது, குத்தூசி எந்த இடத்தால் வருமென்று எனக்குக் கண் தெரியவில்லை. ஓலைக்கு மேலாகக் கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். முனை என் உள்ளங்கைக்குப் பக்கத்தில் ஓலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

‘கிடைச்சுதோ?’ என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

‘ஓம் அண்ணை.’

‘அப்ப இழுத்துப் பிடி.’